மூன்றும் பெட்டை

ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். மூன்று வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டன. நீயாக எழுதுவாய் என்று பார்த்தேன். நான் மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாய் போலும். நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும்.

அன்று உங்கள் புதுவீட்டுக் குடிபுகலுக்கு நான் வந்திருந்தேன். கூடம் நிறைய உன் கணவரின் பணிமனை ஆட்கள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து போட்டிருந்தீர்கள். மூடி போடாவிட்டால் கொசு முட்டையிடும் என்று ஒரு வார்த்தை சொன்னேன். 'மச்சான், இது காலேஜ் இல்ல. பாடம் நடத்தாம சாப்பாட்ட சாப்பிடுங்க' என்றார் மாப்பிள்ளை. கூடமே சிரித்தது. அவர்களை விட்டுத் தள்ளு. நீ சிரித்தாய். எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாய். கையில் செம்போடு வாசற்படியில் நின்று நீ சிரித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

போன மாதம் பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்தேன். கல்லூரியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. துறைத் தலைவர் நாற்காலி என் குறிப்புகளைப் பார்த்து எழுதித் தேறியவனுக்குப் போய்விட்டது; அவன் எப்படி வருவான்? நான் செத்தால் யாருக்குச் சொல்வது என்று கேட்பார்கள், உன் விலாசத்தைத்தான் கொடுத்தாக வேண்டும். பிணமாகத் தகவல் வருவதைவிட உயிரோடு ஒரு கடிதம் வரட்டும் என்று எழுதுகிறேன். நலமாக இருந்தால் இரண்டு வரி எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

உன் அண்ணன்,
எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.,
விலங்கியல் துறை

ஜனவரி 30

அன்புள்ள அண்ணா,

காய்ச்சல் முழுக்க விட்டதா? இருமல் ஏதும் பாக்கி இருக்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கைக்கு எழுதுகிற கடிதத்திலும் பட்டம் போடும் ஒரே அண்ணன் உலகத்தில் நீங்கள்தான். படித்ததும் பழைய நாள்போல இருந்தது.

உங்கள் கடிதத்தை அவர்தான் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டினார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறதென்று மெச்சினார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் பணிமனைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்க்கப் போகிறார். ஒட்டாமல் கொடு, நான் ஒட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அன்று சிரித்ததற்கு மன்னித்துவிடுங்கள். முதலில் சிரித்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரு விஷயம். எங்கள் கொல்லைக்கும் பின்வீட்டுத் தையற்காரம்மா கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அதன் மேலாக அவர் மூன்று குள்ளக் கோழிக் குஞ்சுகளைக் கொடுத்திருக்கிறார். கால் விரல்வரை இறகு! கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு நடப்பதுபோல் நடக்கின்றன. வெள்ளைக்குக் கம்பளி, கறுப்புக்குக் கரிச்சட்டி என்று பெயர் வைத்தேன். சாம்பல் நிறத்துக்குச் சிடுமூஞ்சி. யாரை நினைத்து வைத்தேன் என்று கேட்காதீர்கள். எது சேவல், எது பெட்டை என்று தெரியவில்லை. சின்ன வயதில் பார்த்த மாத்திரத்தில் சொல்வீர்களே, எப்படி?

அவருக்குக் கோழிப் பேச்சு பிடிக்காது. 'உன் கோழிப் புராணத்த யார் படிக்கிறது' என்று அந்தப் பத்திகளைத் தாண்டிவிடுவார். அதனால் இனிமேல் கோழிகளைப் பற்றித்தான் நிறைய எழுதுவேன். நீங்கள் மட்டும் தாண்டாமல் படியுங்கள்.

அன்புத் தங்கை

பிப்ரவரி 14

அன்புள்ள தங்கைக்கு,

இருமல் போய்விட்டது. உன் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டேன் என்று இன்னும் சொல்லவில்லை.

கோழி விஷயத்தில் சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். காலில் இறகுள்ள குள்ளச் சாதிகளில் பால் கண்டுபிடிப்பது கடினம். உடம்பெல்லாம் பஞ்சு மூடியிருக்கும், காலில் முள் முளைப்பதும் கண்ணில் படாது. கொண்டையை வைத்துச் சொல்பவர்கள் பாதி நேரம் ஏமாறுவார்கள். நாலு மாதம் முடிந்ததும் வால் தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இறகை எடு. சேவலின் இறகு ஈட்டிபோல் கூர்ந்து பளபளக்கும். பெட்டையின் இறகு கரண்டிபோல் முனை உருண்டிருக்கும். மூன்றுக்கும் வெவ்வேறு நிற நூல் கட்டி அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

குணத்தில் இவை பரம சாது. மடியில் உட்காரும். அடை கிடக்கும்போது மட்டும் உறுமும், கையை நீட்டினால் கொத்தும். காலிறகில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள். சேறு காய்ந்து உருண்டை பிடித்தால் விரலே ஒடிந்துபோகும். உமி பரப்பிக் கட்டாந்தரையில் விடு. என்னைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. புதுத் தலைவர் தன் பெயர்ப் பலகையைப் பித்தளையில் செய்யச் சொல்லியிருக்கிறார்.

உன் அண்ணன்,
எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.,
விலங்கியல் துறை

மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? நான் இருக்கிறேன். குஞ்சுகளுக்கு நாலு மாதம் முடிந்துவிட்டதென்று தையற்காரம்மா சொன்னார். இறகுகளை வைத்திருக்கிறேன். வெள்ளை நூல் கம்பளி, கறுப்பு நூல் கரிச்சட்டி, சிவப்பு நூல் சிடுமூஞ்சி. சிடுமூஞ்சியிடம் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கொத்திவிட்டுப் பிறகு அதுவே வந்து என் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. கோபித்துக்கொள்ளும், ஆனால் விட்டுப் போகாது.

இறகுகளை உறையில் போடும்போது பார்த்து அவர் சிரித்தார். 'அண்ணனும் தங்கையும் எறகு அனுப்பி வெளையாடுறீங்களா' என்றார். நல்ல மனநிலையில் இருந்தார்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கை

ஏப்ரல் 3

அன்புள்ள தங்கைக்கு,

இறகுகள் நசுங்காமல் வந்து சேர்ந்தன. கல்லூரி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன், வேண்டிய அவசியமே இல்லாவிட்டாலும். மூன்றும் பெட்டை. எழுதி வைத்துக்கொள். இருபத்தாறு வருஷத்தில் இந்த ஒரு விஷயத்தில் நான் தவறியதில்லை. மற்ற எல்லாவற்றிலும் என்னைத் தோற்கடித்தவர்கள்கூட இதை மறுக்கமாட்டார்கள்.

உடம்பு எப்படி இருக்கிறதென்று நீ எழுதவேயில்லை. 'இருக்கிறேன்' என்பது ஒரு பதிலா?

உன் அண்ணன்,
எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.,
விலங்கியல் துறை

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணா,

உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். எழுதத் தாமதமானது, மணிக்கட்டு வீங்கியிருந்தது.

மூன்றும் பெட்டை என்றீர்கள். ஆனால் இங்கே ஒரு சேவல் இருக்கிறது அண்ணா. வெளியார் பார்த்தால் சாது என்பார்கள், நல்ல சாதி என்பார்கள். சாயங்காலம் கொல்லைக் கதவுச் சங்கிலி சத்தம் கேட்டதும் குணம் மாறிவிடுகிறது. முதலில் ஒரு பக்கத்து இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக வட்டம் போடும். தரையில் ஏதோ குறை கண்டுபிடித்ததுபோல் நின்று பார்க்கும். அப்புறம் பாயும். சனிக்கிழமைகளில் அதிகம். போன வாரம் மணிக்கட்டில். அதற்கு முன் காதுக்குப் பின்னால். வலது காதில் இன்னும் இரைச்சல் இருக்கிறது. இப்படிப்பட்ட சேவலோடு எப்படி இருப்பது என்று உங்கள் புத்தகங்களில் ஏதாவது எழுதியிருக்கிறதா? தாண்டாமல் படித்தீர்கள் அல்லவா?

அன்புத் தங்கை

மே 4

அன்புள்ள தங்கைக்கு,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். நீ என்னைச் சோதிக்கிறாயா, கேலி செய்கிறாயா என்று தெரியவில்லை.

உன்னிடம் சேவல் கிடையாது. மூன்று இறகுகளும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. முழங்கால் உயரம்கூட இல்லாத பறவை உன் காதுவரை எப்படி எட்டும்? பறக்கக்கூடத் தெரியாத சாதி அது. கோழிக்குச் சனிக்கிழமை எப்படித் தெரியும்? நீ சின்ன வயதிலிருந்தே எதையும் ஊதிப் பெரிதாக்குகிறவள்.

இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தாக்குகிற சேவலைக் கண்டு ஓடக்கூடாது. ஓடினால் துரத்தும். அசையாமல் நில். கையில் எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, அடங்கும்வரை பிடித்துக்கொள். கோழியின் குணம் பெரும்பாலும் வளர்ப்பவர் கையில் இருக்கிறது. பாய்கிறதென்றால் நீதான் எங்கோ தவறு செய்கிறாய்.

மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடு.

உன் அண்ணன்,
எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.,
விலங்கியல் துறை

மே 19

அன்புள்ள அண்ணா,

உங்களுக்குக் கோபம் வரும்படி எழுதியிருந்தால் மன்னியுங்கள். நீங்கள் சொன்னபடி அசையாமல் நின்று பார்த்தேன். பலனில்லை.

நான் சேவல் என்று எழுதினால் சேவல் என்றே படியுங்கள். எத்தனை கோழி என்று எண்ணாதீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் இடத்தில் கூண்டு ஏதாவது காலியாக இருக்கிறதா? ஒரே ஒரு பெட்டையை அனுப்பினால் வைத்துக்கொள்வீர்களா? அதிகம் தின்னாது. சத்தம் போடாது. ஓரமாக இருந்துகொள்ளும். ஆம், இல்லை என்று ஒரே வார்த்தை எழுதினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா.

தங்கை

ஜூன் 1

மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் நமக்குள் எழுதிக்கொண்டதில்லை. இப்போது தொடங்குவது போலியாக இருக்கும். உங்கள் கூடத்தில் நடந்ததை நான் மறக்கவுமில்லை. இருந்தாலும் ஒரு வழக்கில் உங்களை நடுவராக வைக்கிறேன்.

என் தங்கை வளர்க்கும் மூன்று கோழிகளும் பெட்டை என்று நான் இறகு பார்த்துச் சொன்னேன். அவளோ ஒரு சேவல் இருப்பதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். அவள் எழுத்தை அப்படியே தருகிறேன்: 'சாயங்காலம் கொல்லைக் கதவுச் சங்கிலி சத்தம் கேட்டதும் குணம் மாறிவிடுகிறது. முதலில் ஒரு பக்கத்து இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக வட்டம் போடும். தரையில் ஏதோ குறை கண்டுபிடித்ததுபோல் நின்று பார்க்கும். அப்புறம் பாயும். சனிக்கிழமைகளில் அதிகம்.' மணிக்கட்டிலும் காதிலும் அடிபட்டதாம். அதுவும் போதாதென்று ஒரு பெட்டையை என்னிடம் அனுப்பப் பார்க்கிறாள். மாடி வீட்டில் நான் கோழி வளர்ப்பதா?

உங்கள் கண்ணால் மூன்றையும் பார்த்து ஒரு வரி எழுதுங்கள். அந்த வீட்டில் சேவல் இல்லை என்று நீங்கள் சொன்னால் அவள் ஒப்புக்கொள்வாள்.

இப்படிக்கு,
எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.,
விலங்கியல் துறை

ஜூன் 14

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். இங்கு நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். என்னை நடுவராக வைத்தது பெருமை.

ஞாயிற்றுக்கிழமை நானே கொல்லையில் இறங்கிக் கோழிகளைப் பார்த்தேன். படித்தவர்கள் சொன்னால் தப்புமா? எல்லாம் பெட்டைதான். இத்தனை நாள் அந்தக் கோழிப் பத்திகளை நான் படிப்பதில்லை. அவள் எழுதியதை நீங்கள் அப்படியே எடுத்து எழுதியிருந்தது வசதியாகப் போயிற்று. இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு வட்டம் போடும் என்ற இடம் மிகவும் நன்றாக இருந்தது. 'அப்போ இந்த வீட்டுல சேவல் எது, நீயே சொல்லு' என்று அவளிடம் கேட்டேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டிருக்கிறாள். ஆகையால் இனிமேல் அவளால் எழுத முடியாது. கோழிகளும் இனி இல்லை. தொட்டிக்கு மூடி போட்டுவிட்டேன். அன்று நீங்கள் சொன்னது சரிதான்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

ஆகஸ்ட் 27

சாருக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் உங்கள் தங்கை வீட்டுக்குப் பின்வீட்டில் இருக்கும் தையற்காரி. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தங்கச்சி உயிரோடு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கைக்கட்டு பிரித்தாகிவிட்டது, ஆனால் விரல் மூன்று மடங்கவில்லை. அதற்கப்புறம் நீங்கள் போட்ட கடிதங்கள் எதுவும் அதன் கைக்குப் போகவில்லை. ஜூலையில் நீங்களே வந்தீர்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அவர் உங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தங்கச்சி அடுத்த அறையில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த சத்தம்வரை கேட்டதாம்.

உங்களுக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தையும் சுவரருகே வந்து எனக்குப் படித்துக் காட்டும். எனக்கே பயமாக இருக்கும், இதை அந்த மனுஷன் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று. 'அவரு கோழின்னா படிக்கமாட்டாருக்கா. எங்க அண்ணன் படிச்சவரு. மூணும் பெட்டைன்னு அவரே சொல்லியிருக்காரு, அப்புறம் சேவல்னு எழுதினா யாருன்னு புரிஞ்சுக்குவாரு' என்று சொல்லும். குறை சொல்லவில்லை சார், அது நினைத்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் முகம் மாறினால் அது முதலில் சிரித்துவிடும். முதலில் சிரித்தால் அடி கொஞ்சம் தள்ளிப் போகும். அந்தச் சிரிப்பு எங்கள் வீடுவரை கேட்கும்.

வெள்ளைக் கோழியையும் கறுப்புக் கோழியையும் அவர் அன்றைக்கே திருகிப் போட்டுவிட்டார். சாம்பல் கோழியை மட்டும் தங்கச்சி சுவர் தாண்டி என் பக்கம் போட்டுவிட்டது. அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கோழிதான் என் தையல் மெஷின் அடியில் அடை கிடக்கிறது, முட்டையே இல்லாமல்.

மாதத்தின் முதல் புதன்கிழமை அவருக்குத் தலைமைப் பணிமனையில் கூட்டம். விடியும் முன் போய்ச் சாயங்காலம் வருவார். வருகிற முதல் புதன் போகட்டும், இன்னும் கையில் வலு வரவில்லை. அக்டோபர் முதல் புதனன்று காலை பஸ்ஸில் தங்கச்சியை நான் ஏற்றிவிடுவேன். இறங்கும் இடத்தில் ஆள் வேண்டும். 'அண்ணன் வருவாரா' என்று கேட்கிறது. நீங்கள் இங்கே மட்டும் வராதீர்கள்.

என் கடை விலாசத்துக்கு எழுதுங்கள். அவரும் சட்டை தைக்க வருவார், மேசைமேல் இருப்பதைப் புரட்டிப் பார்ப்பார். உங்கள் எழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் வாடிக்கைக்காரர் யாரோ துணி விஷயமாக எழுதிய மாதிரி இருக்கட்டும். கோழி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது இப்போது அவருக்குப் புரியும்.

கீழே தங்கச்சி இடது கையால் ஒரு வரி எழுதியிருக்கிறது.

தையற்காரி

அண்ணா, மூன்றும் பெட்டைதான். உங்கள் படிப்பில் தப்பில்லை.

செப்டம்பர் 9

தையற்காரம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் கடையில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்களிடம் கிடக்கும் பழைய உடுப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அக்டோபர் முதல் புதனன்று காலை பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள். பஸ் நிலையத்தில் பழக்கடைக்கு அடுத்த தூண் அருகே நிற்பேன். அந்த பஸ் பிந்தினால் அடுத்ததுவரை, அதுவும் பிந்தினால் அதற்கடுத்ததுவரை நிற்பேன்.

வலது கைத் தையல் பிரிந்திருக்கிறது என்றீர்கள். இருக்கட்டும். இங்கே நல்ல கைக்காரர்கள் இருக்கிறார்கள், பார்த்துச் சரிசெய்வார்கள். சரியாகாவிட்டாலும் அது அதுதான். கூடவே சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒன்று உங்கள் மெஷின் அடியில் கிடக்கிறதாமே, அதையும் ஒரு கூடையில் வைத்து அனுப்புங்கள். ஈரம் படாமல் வைக்கவும்.

வைக்க இடம் இருக்கிறதா என்று மே மாதமே ஒரு கேள்வி வந்தது. ஒரே வார்த்தைப் பதில் போதும் என்றும் எழுதியிருந்தது. நான் அந்த ஒரு வார்த்தையை எழுதவில்லை. இடம் இருக்கிறது. அப்போதும் இருந்தது. உள்ளறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும்படி ஆசாரியை வைத்து மாற்றிவிட்டேன்.

முன்பு நான் எடுத்த அளவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அளவு சரியாகத்தான் எடுத்தேன். ஓர் அங்குலம் தப்பவில்லை. அளவைப் பார்த்த கண் ஆளைப் பார்க்கவில்லை. உடுத்துகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். நேரில் நான் சொன்னால் நீளமாகச் சொல்வேன், அது பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடும்.

எழுத்து கோணலாக இருக்கிறதென்று பார்க்காதீர்கள். இடது கையால் எழுதுகிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் ஆயிற்று. ஒரு வரி எழுதவே எவ்வளவு நேரம் பிடிக்கிறதென்று இப்போதுதான் தெரிகிறது.

கடிதத்தின் அடியில் நீளமாக எழுதிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. பேனாவை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். வேண்டாம். இப்படியே மடித்து உறையில் வைக்கிறேன். பெயர் போடாமல் பெட்டியில் சேர்க்கிறேன்.